பராமரிப்பவர்: ஒருவர் மட்டும்

கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து கொடுப்பதுதான் அங்கே தொழில். மாடியில் ஒரே அறை. ஒரு நாள் அரிசிக் கடைக்காரர் ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "எங்க கடைக்கு வர்றவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பொன்னி எவ்வளவு, கிச்சிலி எவ்வளவுன்னு தமிழ்ல அடிச்சுக் குடுங்க. முடியலைன்னா மெஷினை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பில் அடிக்கும் சின்ன பிரிண்டர்களுக்கு அப்போது தமிழ் தெரியாது. எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பினால்தான் அடிக்கும். அதற்காக நான் எழுதிய நிரலைப் பார்த்த முதலாளி, "இதைத் தனியா வித்து நாம என்ன செய்யப்போறோம்? நெட்ல போட்டு விடும்மா, யாருக்காவது ஆகும்" என்றார். மூல நிரலோடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று எழுதி இணையத்தில் வைத்தேன். ஓப்பன் சோர்ஸ் என்பதற்கு அதற்கு மேல் எந்த அர்த்தமும் அன்று எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி நீடாமங்கலத்துக்கு வந்தபோது வேலையை விட்டேன். அந்த நிரலை மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரர், எங்கள் வழக்கப்படி நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், ஷார்ஜாவில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். லீவு கிடைத்தால் வருவார். வீட்டில் நானும், அவருடைய அம்மாவான மாமியும், பிறகு பிறந்த பையனும். பையன் தூங்கும்போது கம்ப்யூட்டரைத் திறந்து, மலேசியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ யாராவது எழுதியிருக்கும் குறையைப் படித்துச் சரிசெய்வேன். எத்தனை கடைகளில் அது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிவிட்டு எடுப்பதில்லையே. குறை வந்தால்தான் அங்கே ஒரு கடை இருப்பதே தெரியவரும்.

பையனுக்கு நெஞ்சில் சளி கட்டும் உடம்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் பக்கமே போக முடியவில்லை. கரண்டும் அந்த வருஷங்களில் வருவதும் போவதுமாக இருந்தது. இன்வெர்ட்டர் ஃபேனுக்கே பற்றாது.

அப்படி ஒரு பகலில், கரண்ட் வந்த நேரம் பார்த்துத் திறந்தபோது நிரலுக்கான ப்ராஜெக்டின் இணையப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய இடம் அது. எழுதியிருந்தவர் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். ஊரூராகக் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடைக்கு அவர்கள் பில் மென்பொருள் செய்கிறார்கள். அதில் என் நிரலைச் சேர்க்கலாமா என்று ஆராய்ந்து சொல்வது அவர் பொறுப்பு. 'கடைசி மாற்றம் நடந்து வெகுநாள் ஆகிறது. பல கேள்விகளுக்குப் பதில் இல்லை. இந்த ப்ராஜெக்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை முதல்முறையாக ஒரு வேற்று ஆளாக நின்று பார்த்தேன். எந்த மாதம் எவ்வளவு வேலை நடந்தது என்று காட்டும் கோடு ஒன்று அங்கே உண்டு. ஆரம்பத்தில் ஏறி இறங்கிப் போன கோடு ஓரிடத்தில் தரையோடு படுத்துவிட்டது. பையனை முதல்முறை ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதம் அது. அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குக் கோடு மட்டும்தானே தெரியும்.

அதற்குக் கீழே பதில் இல்லாத குறைகள். பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியவை. சிங்கப்பூரில் கடைகளுக்குப் பில் மெஷின் பொருத்துகிற ஒருவர். 'கொத்தமல்லி வரி முடிவில் உடைகிறது. 'கொ'வின் கால் மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் என்னைத் திட்டுகிறார். இதைக்கூடப் பார்க்காமல் எப்படி வெளியிட்டீர்கள்?' என்கிற மாதிரி எழுதுவார். படித்தாலே எரிச்சல் வரும் என்பதால் அவருடையதை எப்போதும் கடைசிக்குத் தள்ளுவேன்.

வெள்ளிக்கிழமை மச்சானிடமிருந்து போன் வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"செத்துப்போச்சான்னு கேக்குறாங்க, மச்சான்."

"யாரு செத்துப்போனது?" என்று பதறிவிட்டார். விளக்கிச் சொன்னதும் சிரித்தார். "இவ்வளவுதானா? கடைக்கு மேலதிகாரி வர்றாருன்னா நாங்க முன் வரிசையை நல்லா அடுக்கி வச்சிருவோம். பின்னால காலியா இருந்தாலும் யாருக்குத் தெரியும்? நீயும் தினம் எதையாவது ஒண்ணு மாத்தி வையேன்."

அது சுலபம்தான். விளக்கக் குறிப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் கோடு கொஞ்சம் மேலே ஏறும். ஒரு கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்தினேன். அனுப்பப்போகும் நேரத்தில், அந்தப் பெண் கோட்டோடு நிற்கமாட்டார், என்ன மாறியது என்று உள்ளே போய்ப் பார்ப்பார் என்று தோன்றியது. அழித்துவிட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது, பயம்தான்.

'உயிரோடு இருக்கிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் தாமதம்' என்று பதில் எழுதினேன். குழந்தையைப் பற்றி எழுதியது சரியா என்று சந்தேகம் வந்து அந்த வரியை எடுத்தேன். எடுத்தால் காரணமே இல்லாமல் போகிறதே என்று மறுபடி சேர்த்தேன். அனுப்பி முடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அன்று மத்தியானம் முழுக்கத் தவித்தேன்.

போய்ச் சேர்ந்திருந்தது. சில நாளில் அந்தப் பெண்ணே மெயிலில் என் நம்பரை வாங்கிப் போன் செய்தார். பையன் மடியில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மாமி கொல்லைப்பக்கத்து வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எல்லா ப்ராஜெக்டுக்கும் கேக்கிற கேள்விதாங்க, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் பெங்களூர்ப் பெண். "ப்ரோகிராம்ல மாத்தம் செய்ற உரிமை எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தாங்க."

"புது வெர்ஷன் வெளியிடறது?"

"அதுவும் நான்தான்."

"பாஸ்வேர்ட் வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

அந்தப் பக்கம் டைப் செய்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, இதை யார் பாத்துப்பாங்க?" என்றார்.

மாமி மீன் கையோடு எழுந்து வந்துவிட்டார். "யாரும்மா அது? புள்ளையை மடியில வச்சிருக்கிற பொண்ணுகிட்டக் கேக்கிற கேள்வியா இது? போனை வையி."

"மாமி, அவங்க வேலை அது..."

"என்ன வேலை? ஆளுக்கு ஏதாவது ஆனா என்ன செய்வீங்கன்னு கேக்கிறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காங்களா?"

"அம்மா, மன்னிச்சிருங்கம்மா, நான் கெட்ட எண்ணத்துல கேக்கலைங்கம்மா" என்று அந்தப் பெண் அங்கிருந்து கெஞ்சினார். மாமி கேட்கவில்லை. "அல்லா காப்பாத்தணும்" என்று முனகிக்கொண்டே கொல்லைக்குத் திரும்பிப் போனார்.

வைப்பதற்கு முன் அந்தப் பெண் இன்னொன்று கேட்டார். "அந்த சிங்கப்பூர்க்காரர் எழுதினதையெல்லாம் படிச்சேங்க. இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்காரா?"

"நிறுத்தவே மாட்டேங்கிறார். திட்டுறதே வேலை."

"அது நல்லதுங்க. திட்டுறதுக்கு ஆள் இருக்கிற ப்ராஜெக்டை நான் நம்புவேன். யாருமே ஒண்ணும் சொல்லலைன்னாத்தான் பயம். சொல்லாம விட்டுட்டுப் போயிருப்பாங்க."

அன்று சாயங்காலம் மாமி பையனை மட்டுமல்ல, என்னையும் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனார். மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலில் நிற்கும் குழந்தைகளுக்கு ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். "இதுக்கும் சேர்த்து ஓதுங்க" என்று என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அடுப்படியில் நிற்கும்போதும் வரும். எனக்குக் காய்ச்சல் வந்தால், என் கம்ப்யூட்டர் பழுதானால், மச்சான் என்னை ஷார்ஜாவுக்கு அழைத்துப்போனால் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எழுத்தைப் படமாக வரையும் வேலையை என் நிரல் தானாகச் செய்வதில்லை. ஐரோப்பாவில் ஒருவர் எழுதி இலவசமாக வைத்திருந்த இன்னொரு நிரலைத்தான் அதற்குள் சேர்த்திருந்தேன். அதன் நிலைமை என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய ப்ராஜெக்ட் பக்கத்துக்குப் போனேன். கடைசி மாற்றம் நான் கல்யாணமாகி வருவதற்கும் முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. எல்லாவற்றுக்கும் கீழே யாரோ, 'இங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தஞ்சாவூரில் இருந்தபோது அந்த மனிதருக்கு ஒரு சந்தேகம் எழுதியிருக்கிறேன். உடனே பதில் போட்டார். 'ழ' எழுத்தின் வடிவம் தனக்குப் பிடித்திருக்கிறது, அதை எப்படி உச்சரிப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அவர் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். எதைக் கண்டுவிடுவோமோ என்று பயந்தேனோ அது இல்லை. நல்ல செய்தியும் இல்லை. ஒரு மெயில் அனுப்பினேன். பதில் இன்றுவரை வரவில்லை. அந்தப் பக்கமே ஒருநாள் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று, அவருடைய நிரல் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன்.

பெங்களூர்ப் பெண் தன் அறிக்கையை மேலே அனுப்புமுன் மரியாதைக்கு எனக்கும் அனுப்பினார். நிரலின் தரம் நன்று. விளக்கக் குறிப்புகள் போதும். பயன்படுத்துகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பராமரிப்பவர்: ஒருவர் மட்டும். ஆபத்து: அதிகம். இப்போதைக்கு வேண்டாம், பிறகு ஒருமுறை பார்க்கலாம் என்று முடித்திருந்தார். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதனாலேயே என்னால் அவரிடம் கோபப்பட முடியவில்லை.

இதுவரை திருத்தம் அனுப்பியிருந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். என்னோடு சேர்ந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர் வேலை மாறிவிட்டதாகவும் இப்போது முடியாது என்றும் எழுதினார். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. மீதி இருந்தது சிங்கப்பூர்க்காரர்தான். கேட்க மனம் வரவில்லை. தினம் மெயிலைத் திறந்து 'ஐயா' என்று ஆரம்பிப்பேன், மூடிவிடுவேன். கடைசியில் கொத்தமல்லிக் குறையைச் சரிசெய்து வெளியிட்டுவிட்டு, அந்தத் தைரியத்தில் என் போன் நம்பரோடு எழுதினேன்.

மறுநாளே கூப்பிட்டார். என் குரலைக் கேட்டதும் தடுமாறினார். "நீங்க பொம்பளைன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பாத்து எழுதியிருப்பேன்."

"ஆம்பளைன்னா திட்டலாமா?"

"அப்படி இல்லைங்க... கடைக்காரன் என்னைத் திட்டுவான். நான் யாரைத் திட்டுறது?"

ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலி வேலை செய்து அவரை பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கவைத்திருக்கிறார்கள். இப்போது அவர் அனுப்பும் சம்பளத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி அவர்களே சாகுபடி செய்கிறார்கள் என்றார். நான் விஷயத்துக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"குறை சொல்றது வேறங்க, பொறுப்பு எடுக்கிறது வேற. நான் எதையாவது கெடுத்துட்டேன்னா அத்தனை கடையிலயும் பில் நின்னுடுமே."

"எனக்கும் தினம் அதே பயம்தாங்க" என்றேன்.

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். ஒரு வாரம் போல ஆனது. சரி என்று ஒற்றைச் சொல்லில் மெயில் வந்தது. மாற்றம் செய்யும் உரிமையை அவருக்குக் கொடுத்தேன். கொடுத்த நாளிலிருந்து வேறுவிதமான கவலை. காலையில் எழுந்ததும் அவர் எதையாவது தொட்டிருக்கிறாரா என்று பார்ப்பேன். அவர் எதையும் தொடவில்லை. தொடாதது இன்னும் கவலையாக இருந்தது.

அதற்குள் நான் மறுபடி உண்டானேன். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது, எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மாமி கம்ப்யூட்டரைப் பீரோவுக்கு மேலே ஏற்றிவைத்தார். தலையணைக்குக் கீழே போன் மட்டும் மிஞ்சியது.

ரூபாய்க்குப் புதுக் குறி வந்து, கடைக்காரர்கள் அதைப் பில்லில் போட ஆரம்பித்திருந்த நேரம். கும்பகோணத்துப் பாத்திரக்கடை ஒன்றிலிருந்து முதல் குறை வந்தது. அந்தக் குறி இருக்கும் வரி முழுக்க வெள்ளையாக வருகிறது, பொருளும் இல்லை, விலையும் இல்லை. அடுத்தடுத்து இன்னும் சிலர் எழுதினார்கள். காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. தெரியாத எழுத்து வந்தால் அந்த ஐரோப்பியருடைய நிரல் வரைவதையே நிறுத்திவிடும். எழுந்து உட்கார்ந்தால் ஒரு பகலில் சரிசெய்திருப்பேன். போனில் கட்டைவிரலால் எதை எழுதுவது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, குறைகள் கூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சிங்கப்பூர்க்காரர் எழுதினார். 'எனக்கு இந்தக் குறியே தேவையில்லை, இங்கே டாலர்தான். ஆனாலும் பார்க்கிறேன்.' சாயங்காலம் அவருடைய முதல் மாற்றம் உள்ளே வந்தது. அது தப்பு. குறி வந்தது, ஆனால் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பெரிய திரை இல்லாமலே எனக்கு அது தெரிந்தது. சொல்லலாம் என்று எழுத ஆரம்பித்தேன். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து மாமி ஓடிவந்தார்.

"ஏன் மூச்சு வாங்குது? வலிக்குதா?"

"இல்ல மாமி. ஒருத்தர் தப்பாச் செஞ்சுட்டார்."

"அவரே திருத்தட்டும், நீ கண்ணை மூடு" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் போன் கையில் கிடைத்தபோது, அவரே தப்பைக் கண்டுபிடித்து முதல் மாற்றத்தைப் பின்வாங்கி வேறு ஒன்று போட்டிருந்தார். சரியாக இருந்தது. நான் எழுதியிருக்கக்கூடிய மாதிரி இல்லை. கொஞ்சம் முரட்டுத்தனமான நிரல். கும்பகோணத்துக் கடைக்காரர் 'வருது சார், நன்றி' என்று அவருக்கு எழுதியிருந்தார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'சார்' என்னைக் குத்தியது. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒருவர்கூட எழுதியதில்லை.

மகள் மாதம் நிறைந்து நல்லபடியாகப் பிறந்தாள். பெங்களூர்ப் பெண் சொன்னபடி மறுபடி வந்து பார்த்தார். இந்த முறை ஆபத்து 'நடுத்தரம்' என்று எழுதினார். முதலில் சில கிளைகளில் மட்டும் போட்டுப் பார்ப்பது என்று அவர்கள் நிறுவனம் முடிவு செய்தது. "இன்னும் ஒருத்தர் கிடைச்சா பாருங்க" என்றார் போனில். "பக்கத்துல உங்க மாமி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அதைச் சொன்னார்.

அடுத்த வருஷம் சிங்கப்பூர்க்காரர் லீவில் வந்தார். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்யத் திருக்கடையூர் போய்விட்டு, ஊர் திரும்பும் வழியில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். மெயிலைப் பார்த்து நான் நினைத்திருந்த ஆள் இல்லை. கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாமி கொடுத்த சமோசாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அந்தப் பழைய மாடல் பிரிண்டரை இனி விட்டுடலாங்க. அதுக்காகவே ப்ரோகிராம்ல பாதி கிடக்குது."

"இங்க இன்னும் அதை வச்சுத்தாங்க ஓட்டுறாங்க. சின்னக் கடைக்காரங்க புதுசு வாங்குவாங்களா?"

"யாரு ஓட்டுறாங்க? ஒருத்தர்கூட அதுல குறை எழுதலையே."

"நல்லா ஓடுது, எழுதலை."

"இல்லைன்னா விட்டுட்டுப் போயிருப்பாங்க."

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. மாமி அவர் மனைவியிடம், "என்னம்மா, சண்டை போட்டுக்கிறாங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "இல்லம்மா, வீட்லயும் இப்படித்தான்" என்றார் அவர்.

முடிவு எட்டாமலே கிளம்பிப் போனார்கள். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் அவர் அந்த யோசனையை முறையாக ப்ராஜெக்ட் பக்கத்தில் எழுதிவைத்தார். நான் மறுத்து எழுதினேன். மலேசியாவிலிருந்து ஒருவரும், எனக்குத் தெரியாத இன்னும் சிலரும் என்னைக் கேட்காமலே நுழைந்து ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து தினம் படிப்பேன். அதிகம் பேர் சிங்கப்பூர்க்காரர் பக்கம் நின்றதால், கடைசியில் பழைய மாடலை விட்டுவிடுவது என்று முடிவானது. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.